எழுபத்திரண்டாம் மணி

டூலி மூடுபனி இறங்கிவிட்டால்
தொண்ணூற்றொன்பதாம் நெடுஞ்சாலையில்
முன்னால் போகிற லாரியின் பின்விளக்கைத் தவிர
உலகத்தில் வேறெதுவும் மிச்சமிருப்பதில்லை.
அதைப் பிடித்துக்கொண்டுதான் செவ்வாய்தோறும்
வந்து சேர்கிறேன்:
மெர்செட் தாண்டி ஒரு சமுதாயக் கல்லூரி,
உயிரியல், இரவு ஏழு மணி வகுப்பு.
நாற்பத்தாறு வயதில் எடுத்த மாணவர் அட்டைப் படத்தில்
எதையோ திருடிவிட்டு நிற்பவன்போல் இருக்கிறேன்.

ஆசிரியை ஹக்கோப்யனுக்கு மூன்று கல்லூரிகள், ஒரே கார்.
டிக்கியில் விடைத்தாள்கள், மாற்றுச் செருப்பு,
பிளாஸ்டிக் முதுகெலும்பு ஒன்று.
ஒருமுறை போலீஸ்காரர் டார்ச் அடித்துக் கேட்டாராம்,
இது யாருடையது?
மாவட்டத்துடையது ஐயா, நாளைக்குத் திருப்பித் தரவேண்டும்.

என் மேசைத் துணை டெல்ஃபினா ஓல்வேரா.
கோழி ஆலையில் பதினோரு வருடம்.
இறக்கை மூட்டு அவள் நிற்கும் இடம்;
இரண்டு நொடிக்கு ஒரு பறவை.
செப்டம்பரில் எங்கள் தட்டுகளில் இறக்கையை வைத்தபோது
நாங்கள் கத்தியை மயிலிறகுபோல் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தோம்.
அவள் பார்க்கக்கூட இல்லை. ஒரே வெட்டு,
மூட்டு பூப்போல் விரிந்தது.
சரி, அந்த எலும்பின் பெயர் என்றார் ஆசிரியை.
தெரியாது.
ஹியூமரஸ்.
மணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.
இத்தனை வருடமும் பெயர் கேட்காமலே வெட்டியிருக்கிறேன் என்றாள்,
மின்கட்டண ரசீதைப் படிக்கிற குரலில்.

இன்றைக்கு முட்டை.
அடைகாப்புப் பெட்டியில் சரியாக எழுபத்திரண்டு மணி நேரம்.
படுக்கவைத்து, பென்சிலால் ஒரு வட்டம்,
ஊசியால் கொஞ்சம் வெள்ளைக்கருவை இழுத்துவிட்டு
ஒட்டுநாடாமேல் கத்தரி.
ஓடு சின்னச் சத்தத்தோடு
ஜன்னலாகத் திறந்துகொண்டது.

மஞ்சளின் மேல் சிவப்பு நூல்களில் ஒரு கோலம்.
நடுவில், காற்புள்ளி அளவுக்கு,
துடிக்கிறது.

இறக்கை இல்லை. அலகு இல்லை.
வெட்ட ஒரு மூட்டுகூட இல்லை.
மெய் வந்து சேருமுன்பே
எழுந்து உட்கார்ந்திருக்கிறது உயிரெழுத்து.

டெல்ஃபினா நுண்ணோக்கியிலிருந்து
முகத்தை எடுக்கவில்லை.
என் முறை வந்தபோதும் எடுக்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

மூன்று அளவீடு போதும் என்கிறது கையேடு.
அவள் பதினொன்று எடுத்தாள்.
நூற்று முப்பத்திரண்டு. நூற்றுப் பதினெட்டு.
அறை குளிர்கிறது, அதுவும் குளிர்கிறது.
வெதுவெதுப்பான உப்புநீரை இரண்டு சொட்டு விட்டாள்,
நூற்று இருபத்தொன்றுக்கு ஏறியது.
அப்போது சிரித்தாளா என்று எனக்கு நிச்சயமில்லை,
முகக்கவசம் போட்டிருந்தாள்.

ஒன்பதாம் படி:
முடிந்ததும் முட்டைகளை உறைபெட்டியில் வைக்கவும்.
அந்த வரியை அவள் விரல் இரண்டு தரம் கடந்தது.
வெளியே எடுத்தால் பிழைக்காதா என்று யாரோ கேட்டார்கள்.
பிழைக்காது என்றார் ஆசிரியை,
சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினார்,
அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

தட்டை நான் கொண்டுபோகிறேன் என்றேன்.
வேண்டாம், எனக்குப் பழக்கம்.
ஜன்னலை நாடாவால் ஒட்டி,
தேதி, நேரம் எழுதி,
ஆலையில் எந்தப் பறவைக்கும் செய்யாததைச் செய்தாள்:
பெயருக்கான கட்டத்தில்
தன் பெயரை எழுதினாள்.
உறைபெட்டிக் கதவை மூடிய கை
கொஞ்ச நேரம் கதவிலேயே இருந்தது.
அட்டவணையில் பன்னிரண்டாம் கட்டம் காலி.
பூஜ்யம் போடவில்லை.
அதற்கு ஒரு மதிப்பெண் போனது, பின்னால்.

பதினொரு மணிக்கு அவளுக்கு ஷிப்ட்.
வாகன நிறுத்தத்தில் பனி முழங்கால்வரை.
என்னை முந்திக்கொண்டு கிளம்பியது அவள் கார்.
இடதுபக்கப் பின்விளக்கு எரியவில்லை.
வலதுபக்கத்தைப் பிடித்துக்கொண்டே
லிவிங்ஸ்டன் பிரிவுவரை போனேன்.
அடுத்த செவ்வாய் மறக்காமல் சொல்லவேண்டும்,
பல்பு மாற்று என்று.